பொழுதுபோக்கு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

7 டிசம்பர் 2024, வாசகர் ஒருவரின் கேள்வி

"நம்மூர் விரிவுரையாளர்களின் சுயவிபரங்களைப் பார்த்துக்கொண்டு போனேன். ஆய்வு ஆர்வம் என்று பத்து வரி எழுதுகிறார்கள். பொழுதுபோக்கு என்ற இடத்தில் எல்லாருக்கும் வாசிப்பு, தோட்டம், இசை. என் அபிப்பிராயம்: ஆய்வில் உண்மையாக ஊறியவருக்குப் பொழுதுபோக்கு என்று ஒன்று இருக்காது. இருந்தால் ஆய்வில் எங்கேயோ குறை. மறுக்கிறவர்கள் மறுக்கலாம்."

7 டிசம்பர், இரவு

மறுக்கிறேன். நான் நிலத்தடி நீர் படிப்பிக்கிறவன். யாழ்ப்பாணத்துக் கிணறுகள்தான் என் தொழில். பொழுதுபோக்கு, பட்டம். காகிதத்தாலும் மூங்கிலாலும் கட்டி வாடைக்காற்றில் விடுகிற பட்டம். ஒன்றுக்குக் குனிய வேண்டும், மற்றதுக்கு அண்ணாந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் உயரமான மதில் கட்டி வைத்திருக்கிறேன். ஆய்வும் குறையவில்லை, பட்டமும் குறையவில்லை. முடிந்தது கதை.

8 டிசம்பர்

முடியவில்லை. "கிணற்றில் ஆய்வு செய்ய என்ன இருக்கிறது, வாளியை விட்டால் தண்ணீர் வருகிறதுதானே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு மட்டும் ஆறு, மற்ற நாளில் வாய்க்கால். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்கிற மழை மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் கடல்நீருக்கு மேல் நடு தடித்த கண்ணாடி வில்லை போல மிதக்கிறது. நன்னீர் எடை குறைவு, கடல்நீர் அதைவிட இரண்டரை வீதம் கனம். அதனால் கடல் மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால் கீழே 40 மீற்றர் நிற்கும். இந்தக் கணக்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் எழுதியவர் கைபன் என்ற ஒல்லாந்துப் பொறியியலாளர். பின் 1901இல் ஹெர்ஸ்பேர்க் என்ற ஜெர்மானியர் தனியாக அதே முடிவுக்கு வந்தார். 1658 தொடக்கம் நூற்று முப்பத்தேழு வருடம் இங்கே கோட்டை கட்டி ஆண்ட ஒல்லாந்தருக்கு இது தெரியாமலே போய்விட்டது என்று வகுப்பில் ஒரு பகிடி விடுவேன். யாரும் சிரிப்பதில்லை.

இந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள். மேலே நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், கீழே உப்பின் எல்லை 4 மீற்றர் ஏற வேண்டும். கணக்குப்படி. நம்முடைய பாறை முழுக்க வெடிப்பும் குகையும் என்பதால் அது பாடப்புத்தகத்துக்கு அடங்கி நடப்பதில்லை. நிலாவரையில் அதைக் கண்ணால் காணலாம்: மேலே குடிக்கிற தண்ணீர், ஆழம் போகப் போக உவர். இராமர் அம்பு விட்ட இடம் என்று அம்மம்மா சொல்லித்தான் முதன்முதலில் அங்கே போனேன். எட்டு வயது. எட்டிப் பார்க்கவிடாமல் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றா. அந்தப் பிடிதான் என்னை இந்தத் தொழிலுக்குத் தள்ளியது என்று நினைக்கிறேன். பார்க்க விட்டிருந்தால் மறந்திருப்பேன்.

12 டிசம்பர்

கிணற்றுத் தண்ணீரில் உரத்தாலும் மலக்குழியாலும் சேர்கிற நைத்திரேற்றுப் பற்றிக் கேட்டவருக்கு. உங்கள் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கையில் "12" என்று இருக்கிறது, எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், ஆகவே பயமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் முந்தாநாள் "ஓம், பயமில்லை" என்று பதில் போட்டேன். அதைத் திருத்துகிறேன். அறிக்கையின் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். அது நைத்திரேற்று இல்லை, நைத்திரேற்றாக இருக்கும் நைதரசன் மட்டும். 50 என்ற எல்லையோடு ஒப்பிட 4.43ஆல் பெருக்க வேண்டும். 12 என்பது 53 ஆகிறது. எல்லைக்குக் கொஞ்சம் மேலே. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பால்மாவுக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். கொதிக்க வைத்தால் போகாது, ஆவி போன அளவுக்குக் கூடத்தான் செய்யும். கேத்திலின் அடியில் படிகிற வெள்ளைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, அது சுண்ணாம்பு.

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று நீங்கள் எழுதவில்லை. தோட்டத்துக்கு யூரியா எவ்வளவு போடுகிறீர்கள் என்றும் எழுதவில்லை. இரண்டையும் எழுதுங்கள்.

அலகைப் பார்க்காமல் பதில் சொன்னது என் பிழை. மாணவர்களுக்குப் புள்ளி குறைக்கிற அதே பிழை.

15 டிசம்பர்

பட்டத்துக்கு வருவோம், கேள்வி அதுதானே.

எனக்குப் பட்டம் கட்டப் பழக்கியவர் பக்கத்து வீட்டு அண்ணை. பிறந்தது வல்வெட்டித்துறை, கலியாணம் கட்டி எங்கள் ஒழுங்கைக்கு வந்தவர், தொழில் மேசன். மார்கழி பிறந்தால் சாந்தகப்பையைத் தூக்கி வைத்துவிட்டு மூங்கில் சீவத் தொடங்கிவிடுவார். நாற்பது வயதுக்குப் பிறகுதான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். முதல் வருடம் நாலுமூலை. அடுத்த வருடம் கொக்கு. வட்டாக்கொடி இன்னும் எனக்குச் சரிவரவில்லை.

மூங்கிலை எப்படிச் சீவுவது என்று அவர் வாயால் சொன்னதில்லை. சீவிய சிலாகையின் நடுவை ஒரு விரலில் வைப்பார். இரண்டு பக்கமும் சமமாய் நிற்க வேண்டும். சாய்கிற பக்கத்தில் கத்தியை நகத்தளவு ஓட்டுவார். மறுபடி விரல். நிமிர்ந்து பார்க்கமாட்டார், கதைக்கமாட்டார், தேத்தண்ணி ஆறிப்போகும். அதுக்குப் பிறகு இரண்டு நுனியையும் வளைத்து நூலால் கட்டி, வளைவு இரண்டு பக்கமும் ஒன்றுபோல வருகிறதா என்று சுவரில் விழும் நிழலைப் பார்ப்பார். சிலாகையைப் பார்ப்பதில்லை, நிழலைத்தான். ஏன் என்று கேட்டதுக்கு, "சேர், நிழலுக்குத் தடிப்பம் இல்லையல்லோ" என்றார்.

அவர் என்னை "சேர்" என்பதும் நான் அவரை "அண்ணை" என்பதும் பத்து வருடமாக மாறவில்லை. சேர் என்று கூப்பிட்டுக்கொண்டே கையிலிருப்பதைப் பறித்துத் திரும்பச் சீவுவார்.

16 டிசம்பர்

"பேராசிரியர் பட்டம் விடுகிறார்" என்ற பகிடியை மூன்று பேர் தனித்தனியாக அனுப்பியிருக்கிறார்கள். பட்டம் பெற்றவர், பட்டம் கொடுக்கிறவர், பட்டம் விடுகிறவர், எல்லாம் கேட்டாகிவிட்டது. நான் பேராசிரியரும் இல்லை.

19 டிசம்பர்

விண் பற்றி. வெளியூர்க்காரருக்காக: பட்டத்தின் தலைப்பக்கம் ஒரு வில் கட்டி, அதில் தட்டையான நாரை இழுத்துக் கட்டுவோம். முன்பு பனைநார், இப்போது பார்சல் கட்டுகிற நாடா. காற்று பட்டால் கூவும். பட்டத்தைப் பனையிலோ தென்னையிலோ கட்டிவிட்டுப் படுத்தால் விடிய விடிய ஊருக்கு மேல் அந்தக் கூவல் நிற்கும். மார்கழி இரவு என்றால் எனக்கு அந்தச் சத்தமும் பனி விழுந்த முற்றமும்தான்.

அது ஏன் கூவுகிறது? நாடாவின் இரண்டு விளிம்பிலிருந்தும் காற்றுச் சுழிகள் மாறிமாறிக் கழன்று போகின்றன. அந்தச் சுழிகளின் தாளம் நாடாவின் சொந்த அதிர்வோடு ஒத்துப்போகும்போது சத்தம் எழுகிறது.

20 டிசம்பர்

நேற்று எழுதியது அரைகுறை. சுழிக் கணக்கு உருண்டைக் கம்பிக்கு, மின்கம்பி காற்றில் இரைகிறதே அதுக்குப் பொருந்தும். விண்ணின் நாடா தட்டை. தட்டையானது முறுகுகிறது. முறுகும்போது காற்று அதை இன்னும் தள்ளுகிறது, தள்ளத் தள்ள அதிர்வு தன்னைத்தானே தீனி போட்டு வளர்க்கிறது. 1940 நவம்பர் 7 அன்று அமெரிக்காவில் டகோமா தொங்குபாலம் முறுகி விழுந்ததும் இந்த வகைதான். அதையும் வெறும் ஒத்திசைவு என்று சொல்லிக்கொடுக்கிற புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன, எனக்கும் அப்படித்தான் படிப்பித்தார்கள். சுருதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் நாடாவின் இழுவையும் நீளமும். காற்று கூடினால் சத்தம் பெருக்கும், சுருதி அதே அளவுக்கு ஏறாது. படுத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள்.

22 டிசம்பர்

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன்.

போன வருடம் இந்த நேரம் நான் விண்ணை அளக்கத் தொடங்கினேன். போனில் ஒரு செயலி, சத்தத்தின் அதிர்வெண்ணைக் காட்டும். என்னுடையது 110 ஹேர்ட்ஸ் பக்கம், அண்ணையுடையது 80க்குக் கீழே. அந்த அடிக்குரலை எட்ட வேண்டும் என்று இழுவை, நீளம், வில்லின் வளைவு எல்லாவற்றையும் அட்டவணை போட்டேன். இழுவையை நாலு மடங்காக்கினால் அதிர்வெண் இரண்டு மடங்கு என்ற பாடசாலைச் சூத்திரத்தை வைத்து, எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று கணக்குப் பார்த்துத் தளர்த்தினேன். கூவவே இல்லை. படபடவென்று அடித்தது, கோழி செட்டை அடிக்கிற மாதிரி. அடுத்த நாள் இறுக்கினேன். வில் முறிந்தது.

அண்ணை அட்டவணையை வாங்கி நெடுநேரம் பார்த்தார். "வடிவாய்க் கோடு போட்டிருக்கிறியள்" என்றார். அவ்வளவுதான். பிறகு என் விண்ணை எடுத்து, நாடாவைக் காதருகே வைத்து விரலால் ஒருமுறை தட்டி, முடிச்சை அரை விரல்கடை நகர்த்தினார். கூவியது.

அந்த மாதம் முழுக்க நான் பட்டம் விட்டதாக ஞாபகமில்லை, அளந்ததாகத்தான் ஞாபகம். முதல் நாள் எழுதின மதில் எங்கே போனது? கேள்வி கேட்டவர் சிரிக்கலாம். அவர் சொன்னது முழுக்கச் சரியென்று ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஆய்வாளனுக்குப் பொழுதுபோக்கு இருக்காது என்கிறார். எனக்கு வருகிற சந்தேகம் வேறு: கை வைத்ததையெல்லாம் ஆய்வாக்குகிற வியாதி இது. கருணைக்கிழங்குக்கும் ஒருநாள் அட்டவணை போடுவேன்.

23 டிசம்பர்

மனைவி வாசித்துவிட்டு: கருணைக்கிழங்குக்குப் போட்டாயிற்று, 2020இல், ஊரடங்கில். மறந்துவிட்டேன்.

26 டிசம்பர்

"பெரிய மனிதர்களின் உதாரணம் சொல்லுங்கள்" என்று ஒருவர்.

சு. வித்தியானந்தன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1979இல் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தர், தமிழ்ப் பேராசிரியர். பேராதனையில் இருந்த காலத்தில் மட்டக்களப்புக் கூத்தர்களோடு சேர்ந்து வடமோடிக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடைக்குக் கொண்டுவந்தவர். அது அவருடைய தொழிலா, பொழுதுபோக்கா? இரண்டில் எந்தக் கட்டத்தில் எழுதியிருப்பார்?

அழகையா துரைராஜா. மண்ணியக்கவியல் படித்தவர்களுக்கு 1963ஆம் ஆண்டுக் கட்டுரை தெரியும். கேம்பிரிட்ஜில் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து களிமண் எப்போது நெகிழ்கிறது என்று எழுதியது. உலகம் முழுக்க இன்றும் படிப்பிக்கப்படுகிற வேலை. யுத்த காலத்தில் இங்கே துணைவேந்தராக இருந்தபோது பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் வந்துபோனார் என்று அந்தக் காலத்து மாணவர்கள் சொல்வார்கள். அதைப் பொழுதுபோக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்போது எங்கள் எல்லாருக்கும் சைக்கிள்தான் போக்கு.

உதாரணம் கேட்டால் நான் சொன்ன இரண்டுமே கட்டத்துக்குள் அடங்கவில்லை. விடுங்கள்.

29 டிசம்பர்

ஒரு கொப்பியைப் பற்றி எழுத வேண்டும். அம்மம்மாவின் வளவு இப்போது மாமியின் கையில். அங்கே ஒரு கிணறு. துலா போய், கப்பி போய், இப்போது மோட்டார், ஆனால் துலாவின் ஆடுகால் ஒன்று இன்னும் நிற்கிறது, மாமி அதில் வெற்றிலைக் கொடி படரவிட்டிருக்கிறா. 2013 ஆனி மாதத்திலிருந்து ஞாயிறு தோறும் அந்தக் கிணற்றின் நீர்மட்டத்தை அளக்கிறேன். இரும்பு நாடாவின் நுனியில் ஈயக்குண்டு, கடைசி ஒரு மீற்றருக்குச் சோக்குக்கட்டி பூசிக்கொள்வேன். கிணற்றுக் கட்டின் வடக்கு மூலையில் ஒரு கை அளவு நீட்டி இறக்கினால் 'டொப்' என்று ஒரு சத்தம். தூக்கினால் சோக்கு நனைந்த இடம் கறுப்பாய் நிற்கும். கட்டின் மேல்மட்டத்தில் பிடித்த அளவிலிருந்து நனைந்த அளவைக் கழித்தால் ஆழம். திகதி, ஆழம், மழை பெய்ததா, மோட்டார் ஓடினதா. முடிந்தது. பிறகு மாமியின் தோசை.

இதிலிருந்து ஒரு கட்டுரையும் எழுதவில்லை. ஒருமுறை முயன்றேன். மதிப்பாய்வாளர் ஒற்றை வரியில், தனி ஒரு கிணறு எதையும் நிரூபிக்காது என்று எழுதினார். சரிதான். பதிலுக்கு நான் அளப்பதை நிறுத்தவில்லை. வேலைக்காக நூறு கிணறு அளந்திருக்கிறேன், எதிலும் ஒருநாள் தப்பினால் எனக்கு ஒன்றும் செய்யாது. இதில் ஒரு ஞாயிறு தப்பினால் கிழமை முழுக்க ஏதோ மறந்த மாதிரி இருக்கும். போன மாதம் வெள்ளத்தில் ஒழுங்கை முழங்கால் தண்ணீர், அன்றும் போனேன். வாளியால் மொள்ளுகிற உயரத்தில் தண்ணீர் நின்றது. பதினொரு வருடத்தில் அதுதான் மேலே வந்த உயரம்.

ஆக, பட்டம் ஆய்வாகிவிட்டது, இந்தக் கிணறு பொழுதுபோக்காகிவிட்டது. விபரக்கோவையை மாற்றி எழுத வேண்டுமோ என்று யோசிக்கிறேன்.

அந்தக் கொப்பி ஒன்று மட்டும் சொல்கிறது: 2017க்குப் பிறகு எங்கள் நீர்மட்டம் சராசரியாக 9 சென்ரிமீற்றர் கீழே. நாற்பதால் பெருக்குங்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போது பெடியள் மௌனமாகிவிடுவார்கள்.

5 ஜனவரி 2025

இதை வாசித்த இறுதி வருட மாணவி ஒருத்தி, கொப்பியைத் தன் ஆய்வுக்குத் தரமுடியுமா என்று கேட்டாள். இரண்டு நாள் பதில் போடவில்லை. கஞ்சத்தனம்தான், வேறு பேர் வைக்க முடியாது. கடைசியில் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினேன். தோசை பற்றிய குறிப்புகளை மறைக்க மறந்துவிட்டேன்.

15 ஜனவரி

நேற்றுப் பொங்கல். வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரையில் வழமையான சனம். நான் போட்டிக்குப் போகவில்லை, அண்ணைக்கு நூல் பிடிக்கப் போனேன். போனை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டேன்.

பெரிய பட்டம் எவ்வளவு இழுக்கும் என்று கேட்டவருக்கு: 10 சதுரமீற்றர் பட்டம், செக்கனுக்கு 10 மீற்றர் காற்று, கிட்டத்தட்ட 60 கிலோ. காற்று பாதியானால் இழுவை கால்வாசி. அதேபோல் காற்று ஒன்றரை மடங்கானால் 135 கிலோ, அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. 2021 மார்கழியில் பருத்தித்துறைப் பக்கம் ஓர் இளைஞரைக் கயிற்றோடு மேலே தூக்கிப்போன காணொளியைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள், மரத்தில் சுற்றுங்கள். மின்கம்பிப் பக்கம் ஏற்றவே வேண்டாம்.

அண்ணையின் பட்டத்துக்குப் பரிசு இல்லை. முச்சை, பட்டத்தையும் நூலையும் இணைக்கிற கட்டு, ஒரு பக்கம் இறங்கிவிட்டது என்றார். நான் கட்டின முச்சை அது. இரண்டு பேரும் அதைப் பற்றிக் கதைக்காமல் பஸ்ஸில் வந்தோம்.

19 ஜனவரி

29 டிசம்பர்க் குறிப்பின் கடைசிப் பந்தியை அடித்துவிடுங்கள்.

மாணவி எல்லா எண்களையும் கணினியில் ஏற்றிக் கோடு வரைந்து அனுப்பியிருக்கிறாள். கூடவே ஒரு வரி: "சேர், மட்டம் மெல்ல மெல்ல இறங்கவில்லை. 2017 ஓகஸ்ட் 6க்கும் 13க்கும் இடையில் ஒரே படியாக 9 சென்ரிமீற்றர் இறங்கியிருக்கிறது. அதற்குப் பிறகு சராசரி மாறவே இல்லை. அந்தக் கிழமை என்ன நடந்தது?"

நீர்மட்டம் ஒரு கிழமையில் படி இறங்கி, ஏழு வருடம் அங்கேயே குந்தியிருக்காது. குனிந்து தண்ணீரைப் பார்த்தவன் கையை வைத்திருந்த கட்டைப் பார்க்கவில்லை. இன்று காலை போய்த் தடவிப் பார்த்தேன். மேல் வரியின் சாந்து நிறம் வேறு. ஒரு வரிக் கல் புதிதாய் வைத்துப் பூசியிருக்கிறார்கள். கட்டு உயர்ந்தது, தண்ணீர் இருந்த இடத்தில் இருந்தது. 9 சென்ரிமீற்றர், நாற்பது மடங்கில் 3.6 மீற்றர் உப்பு. அவ்வளவையும் ஏழு வருடமாக நான் பிள்ளைகளின் தலையில் ஏற்றி வைத்திருக்கிறேன்.

20 ஜனவரி

இல்லை, அந்தக் கல்லை வைத்தவர் பக்கத்து வீட்டு அண்ணை இல்லை. கேட்டுவிட்டேன். "நான் வைச்சிருந்தா நிறம் தெரிஞ்சிராது" என்றார்.

25 ஜனவரி

திகதி உறுதியாகிவிட்டது. மச்சாளின் மகளின் சாமத்தியவீடு 2017 ஓகஸ்ட் இரண்டாம் கிழமை, அதுக்காகத்தான் வளவு முழுக்கத் திருத்தி வெள்ளை அடித்திருக்கிறார்கள். பழைய படங்களைத் தேடினேன். ஒன்றில் பிள்ளை சேலையோடு கிணற்றடியில் நிற்கிறாள், பின்னால் சொந்தக்காரர் இருபது பேர், இடது ஓரத்தில் கட்டின் மேல் வரி, ஈரம் காயாத சாந்து. நானும் நிற்கிறேன், அந்தச் சாந்துக்கு ஒரு முழம் தள்ளி, வடையோடு. அந்த மூலையை மட்டும் வெட்டிப் பெரிதாக்கி, கல்லின் உயரத்தை அளந்து, வட்டம் போட்டு மாணவிக்கு அனுப்பினேன். பிழையாய்க் குடும்பக் குழுவுக்கும் போய்விட்டது.

மாமியின் பதில்: "இருபது பேர் நிக்கிற படத்தில உனக்குக் கிணத்துக்கட்டு மட்டும்தான் தெரிஞ்சுதோ?"